காப்பு கட்டிய கையும் மூழ்கிய கப்பலும்

கௌரி விரதம் முடிந்து மூன்றாம் நாள் நான் கப்பல் பார்க்கப் போனேன். பழைய யுத்தமொன்றில் மூழ்கி, இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் முப்பது மீற்றர் ஆழத்தில் கிடக்கிற சரக்குக் கப்பல். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில் பிளேஸ்டோவில் குடியிருந்தோம். பக்கத்து நீச்சல் குளத்தில் ஒரு வருடம், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு சுழியோடப் பழகியிருந்தேன்.

“எல்லாரும் கடலைத் தாண்டி வந்தவை. நீர் உள்ளுக்கை இறங்கப் போறீர்” என்று வேலைத்தலத்தில் பகிடி பண்ணினார்கள். மனைவிக்கு அது பகிடி இல்லை. அவளுடைய தம்பி மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியவன். படகும் போய்ச் சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இருபத்தொரு நாள் விரதமிருந்து, கோயிலில் வாங்கிய காப்பு நூலை என் வலது மணிக்கட்டில் அவளே கட்டிவிட்டாள்.

“அடுத்த விரதம் மட்டும் இது கையிலை கிடக்கோணும். கழட்டுறேல்லை.”

தண்ணீர் புகாத உடையின் ரப்பர் பட்டி மணிக்கட்டுத் தோலோடு ஒட்டி இறுக வேண்டும். படகில் எங்கள் குழுத்தலைவர், ஒரு வெள்ளைக்காரர், நூலைப் பார்த்துவிட்டுக் கத்தியை நீட்டினார். முடியாது என்றேன். ஒரு நூல்தானே என்று பட்டியை அதற்கு மேலாக இழுத்து விட்டேன். மொக்குத்தனம், வேறென்ன.

நீரோட்டம் அடங்கி நிற்பது அரை மணித்தியாலம் வரைதான். அதற்குள் இறங்கி, பார்த்து, ஏறிவிட வேண்டும். பத்து மீற்றரிலேயே நூல் வழியே தண்ணீர் கசியத் தொடங்கியது. அடியில் சேரும்போது கை முழுக்க ஐஸ். அப்போதுதான் பச்சை இருட்டுக்குள் கப்பலின் பக்கச் சுவர் எழும்பி வந்தது. பயமும் சந்தோசமும் ஒன்றாகவே வந்தன. ஒரு வட்ட ஜன்னலுக்குள்ளிருந்து பெரிய விலாங்கு ஒன்று என்னைப் பார்த்தது. உள்ளே போக வேண்டும் போலிருந்தது. ஆனால் விரல்கள் மரத்து, உடைக்குள் காற்று விடும் பொத்தானை அமத்த ஏலவில்லை. தலைவர் கண்டுவிட்டார், மேலே போகச் சொல்லிப் பெருவிரலை உயர்த்தினார். நான் கப்பலைப் பார்த்தது நாலு நிமிடம். என்னால் அவருக்கும் அவ்வளவுதான்.

படகில் தேநீரைத் தந்துவிட்டுச் சொன்னார்: “நூலா கப்பலா, ஒன்றை முடிவு செய்துகொண்டு வா.”

வீட்டில் மறைக்கவில்லை. சோறு போட்டபடியே மனைவி முழுதையும் கேட்டாள். நல்லதாய்ப் போச்சு, இனிப் போகாதேங்கோ என்பாள் என்று காத்திருந்தேன்.

“அந்தக் கப்பலுக்குள்ளை ஆக்கள் கிடக்கினமோ?”

“இல்லையப்பா. மீன்தான்.”

“எண்டாலும் கப்பல் கிடக்குது.”

“ஓம். அப்பிடியே கிடக்குது.”

சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு என் கையை இழுத்து, மணிக்கட்டு முடிச்சை நகத்தால் மெல்லக் கிளறி அவிழ்த்தாள். முழங்கைக்கு மேலே இன்னொரு துண்டு நூல் சேர்த்துக் கட்டினாள்.

“இதிலை கிடந்தால் தண்ணி வராதோ?”

“வராது.”

“அப்ப போயிட்டு வாங்கோ. கடலிலை மூழ்கினவையை ஆரும் போய்ப் பாக்கத்தானே வேணும்.”