வைத்திலிங்கத்தின் தொடை ஆணி

வைத்திலிங்கத்தின் தொடை எலும்புக்குள் ஒரு முழ நீளத்துக்கு எஃகு ஆணி இருந்தது. 1942-இல் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தபோது, ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் தொடை முறிந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். அவர்களுடைய டாக்டர் இடுப்புப் பக்கம் கிழித்து, எலும்பின் மஜ்ஜை வழியே அதை இறக்கினார். மாவுக்கட்டு இல்லை. சில வாரங்களில் நடந்தார்.

போர் முடிந்து கீழப்பழுவூர் திரும்பினார். அந்த ஊரில் தொடை முறிந்தவன் மூங்கில் பத்தையும் முட்டைப்பற்றுமாக மாதக்கணக்கில் கிடப்பான்; எழுந்தால் கால் நாலு விரற்கடை குட்டை. வைத்திலிங்கம் நேராக நடந்தார். ஊருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் மச்சான், எலும்புல ஆணி அடிச்சா பொளந்துடாதா?" என்று களத்துமேட்டில் கேட்டான் அங்கமுத்து, அவர் மனைவி கலியம்மாளின் தம்பி.

"அது எலும்புக்கு அடிச்சது இல்லடா. செத்த வெள்ளக்காரன் ஒருத்தன் என்னைப் புடிச்சுக்கிட்டான். அவனை உள்ள வச்சு அறைஞ்சிருக்கு. உங்க புளியமரத்துல அடிக்கிறாப்புல."

பேய் பிடித்தவர்களின் முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து வைப்பது ஊர் வழக்கம். அந்த ஆணியை எவனும் தொடமாட்டான். முட்டாள்களுக்கு விளக்கம் எதற்கு என்பது வைத்திலிங்கத்தின் கட்சி. அவர் செய்தது கேலி என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

1947 ஐப்பசியில், ஆணியின் மேல்முனை இருந்த இடத்தில் சீழ் வைத்தது. எலும்பு எப்போதோ கூடிவிட்டது. ஆணிக்கு இனி வேலை இல்லை. உருவி எடுத்துச் சீழை வடித்தால் பிழைப்பார். திருச்சியில் பட்டாளத்து டாக்டர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். காய்ச்சலோடு வண்டி கட்டச் சொன்னார் வைத்திலிங்கம்.

அங்கமுத்து மாட்டை அவிழ்த்து ஓட்டிவிட்டான்.

"ஆணியப் புடுங்கினா அவன் எறங்கி எங்க வூட்டுப் புள்ளைங்களப் புடிப்பான். வேணாம் மச்சான்."

"டேய், அது வெளாட்டுக்குச் சொன்னதுடா!"

"இப்ப பேசறது நீங்க இல்ல. அவன்."

கலியம்மாள் தம்பியின் காலில் விழுந்தாள். ஊரே வாசலை மறித்து உட்கார்ந்திருந்தது. வெற்றிலை கூடப் போட்டுக்கொண்டார்கள். நாலாம் நாள் வைத்திலிங்கம் செத்தார்.

எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பலில் ஆணி வளையாமல் கிடந்தது. அங்கமுத்து அதை இடுக்கியால் தூக்கிப்போய், புளியமரத்தில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான். அதற்குக் கொண்டை கிடையாது, உள்ளே குழாய்போல வெற்றுக்கூடு. எலும்பின் துளைக்குள் இறங்குவதற்கென்று மடித்த தகடு. நாலாவது அடியில் வாய் நசுங்கியது. மரத்தில் பட்டை மட்டும் பெயர்ந்தது.