சித்தப்பா சொன்ன இங்கிலீஷ் கதை

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பழைய இங்கிலீஷ் துப்பறியும் தொடர் ஒன்று வரும். கறுப்பு வெள்ளை. தொப்பி போட்ட துப்பறிவாளர் மழையில் நனைந்துகொண்டே யாரையாவது தேடுவார். வீட்டில் யாருக்கும் பேச்சு புரியாது என்பதால் சித்தப்பா டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லுவார். அதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு என்பது கான்வென்ட்டில் ஐந்தாவது படித்த எனக்குத் தெரியும். கொலைகாரன்கூட அவர் வாயில் "வணக்கமுங்க" என்றுதான் ஆரம்பிப்பான்.

அத்தை அப்போது எங்களோடு இருந்தாள். பம்பாய்க்கு வேலைக்குப் போன அவள் புருஷனிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை. அந்தக் கோடையில் சித்தப்பா பம்பாய் வரை போய்த் தேடிவிட்டு, "ஆளு கிடைக்கலக்கா, அட்ரஸ் மாறிடுச்சு" என்று திரும்பியிருந்தார்.

அந்த வாரக் கதையில் ஒரு பெண், காணாமல் போன தன் கணவனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி அழுதாள். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். துப்பறிவாளர் ஊர் ஊராக அலைந்து கடைசியில் ஒரு கதவைத் தட்டினார். தேடிய ஆளே திறந்தான். அவனுக்குப் பின்னால் வேறொரு பெண், கையில் குழந்தை.

சித்தப்பாவின் தமிழ் நின்றுவிட்டது.

"என்னடா சொல்றான்?" என்றாள் அத்தை.

"இவன் வேற ஆளாம்க்கா. பேரு ஒண்ணா இருக்கவும் தப்பா வந்துட்டாராம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல அத்தை, சித்தப்பா புளுகுறாரு! இவன்தான் அவன். திரும்பி வர மாட்டேன், என்னைப் பாத்ததா அவகிட்ட சொல்லாதீங்கன்னு சொல்றான்."

என் இங்கிலீஷை யாராவது மெச்சுவார்கள் என்று காத்திருந்தேன். அத்தை என்னையும் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள்.

"நீ அவரப் பாத்தியாடா?"

சித்தப்பா எழுந்துபோய் ஆன்டெனா வயரைத் திருகினார். படம் நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுடா."

"பாத்தேன்க்கா" என்றார், திரும்பாமலே.

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மாதத்தில் குன்னத்துப் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலை பஸ்ஸில் போய் வந்தாள். தபால்காரர் மணியடித்தால் வாசலுக்கு ஓடுவதை விட்டுவிட்டாள்.

எனக்கு அன்று சித்தப்பா மேல்தான் கோபம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டிவியில் பார்த்த ஆளை, பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரமானது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் சடையை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.