உப்புப் போடாத சோளன்

கல்முனைக் கடற்கரை வீதியில் அவித்த சோளன் விற்ற அந்த ராத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகியிருப்பார். மடல் உரித்த இளஞ்சோளனைப் பானையில் அடுக்கி, வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றுவார். உப்பு மட்டும் போடமாட்டார்.

"உப்புப் போட மறந்திட்டீங்க ராத்தா" என்றேன், முதல் நாள்.

"மறக்கல்ல தம்பி. இது எங்கட வளவுக் கிணத்துத் தண்ணி. சுனாமியில கடல் உள்ளுக்கு வந்த கிணறு. ஊடும் போயிட்டு, புள்ளைகள் ரெண்டும் போயிட்டு. உப்பு மட்டும் இன்னும் அதுக்குள்ள இரிக்கி."

கடித்தேன். சோளனின் இனிப்பு மட்டும்தான். இருபது வருட மாரி மழை அந்தக் கிணற்றை எப்போதோ கழுவிவிட்டிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு இரிக்கா?"

"ஓம் ராத்தா. அளவா இரிக்கி."

பக்கத்தில் நின்ற மீன் வியாபாரியும் ஒரு கடி கடித்துவிட்டு அதையே சொன்னார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் அதே வழியால் போனேன். திருப்பம் தாண்டி, ராத்தாவின் கண்ணுக்கு மறைந்ததும், வியாபாரி தன் சாரன் மடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துச் சோளனில் உப்பைத் தூவினார். என்னைக் கண்டவர், பொட்டலத்தை என் பக்கமும் நீட்டினார்.