பாதி இனாம்

என் கணவருக்குப் பேச்சு நன்றாக வரும். தல்லாகுளத்தில் அலுவலக வேலை. காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எங்கே போனாலும் நாலு பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மண்டபக்காரர் வாடகைக்கு மேல் இலை எடுக்கத் தனியாக, குப்பை அள்ளத் தனியாக வாங்கியதைச் சொல்வார். போனில் நாமே டிக்கெட் எடுத்தால் அதற்கு வசதிக் கட்டணம் பிடிப்பதைச் சொல்லி, "நம்ம வசதி மேல அவனுக்கு எம்புட்டு அக்கறை பாத்தியா மாப்ள?" என்பார். கூட்டம் சிரிக்கும்.

கடைசியில் எங்கள் மகள் பிறந்த கதை வரும்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து காட்டிய ஆயாவிடம், சந்தோஷத்தில் கைக்கு வந்த நோட்டுகளை இவர் கொடுத்திருக்கிறார். அந்தம்மா பாதியைத் திருப்பிக் கொடுத்ததாம். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும் தம்பி. பயலா இருந்தா சண்ட போட்டுல்ல வாங்கிருப்பேன்."

"வாங்குன இனாமத் திருப்பிக் குடுத்த ஒரே ஆளு அந்தம்மாதான்யா. அதுவும் எம்மக புண்ணியத்துல!" என்று முடிப்பார். எனக்கு அந்தக் கதை ஒருநாளும் பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் சொன்னால், விருந்தாளிகள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாமல், காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

போன வருஷம் என் நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்போது ஆறாவது படித்த மகளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். தாய்மாமன் என்ற தோரணையில் இவர் வார்டு வாசலில் நின்று ஆயா, வாட்ச்மேன், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் என்று எல்லோருக்கும் கொடுத்தார். "பய பொறந்திருக்கான், இம்புட்டுத்தானாண்ணே?" என்று ஒருவர் கேட்க, மறுபேச்சில்லாமல் மேலும் எடுத்து நீட்டினார். அதற்கு அவருக்கு எந்த ஜோக்கும் வரவில்லை.

பார்த்துக்கொண்டே நின்ற மகள் கேட்டாள். "எனக்கு எம்புட்டுப்பா குடுத்தீங்க?"

"ஒனக்குத்தான் பாதி திரும்பி வந்துருச்சேடி!"

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அப்ப நான் சல்லிசுதான்," என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. "எம்மகளுக்கு அப்படியே என் வாயி," என்று இவர் அவள் தோளை அணைத்துக்கொண்டார்.

கே.கே. நகர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னேன். "இனிமே அந்தக் கதைய எங்கயும் சொல்லாதீங்க."

"ஜோக்குக்கா கோவிச்சுக்குவ? அவளே சிரிக்கிறா."

"அவ சிரிக்கிறதுதாங்க எனக்குப் பொறுக்கல."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அவர் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

இப்போது அவள் சொல்கிறாள். போன மாதம் அவளுடன் படிக்கும் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் அந்த ஆயாவின் குரல் கேட்டது. இழுத்து இழுத்து, அப்பாவைவிட நன்றாகவே பேசிக் காட்டினாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

"ஒனக்குப் பாதியாச்சும் குடுத்தாங்களேடி. நான் பொறந்தப்ப எங்கப்பா ஆஸ்பத்திரிக்கே வரலையாம்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், சொன்னவளும் சேர்ந்து.

தட்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்து மகள், "என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க," என்றேன்.