கோயிலில் மட்டும் திரும்பும் சில்லு

யோசப் அங்கிள் எடுக்கும் படங்கள் கோயிலில் மட்டும்தான் இருண்டன. கலியாண மண்டபத்தில் இல்லை, பிறந்தநாள் வீட்டில் இல்லை, வேதக்காரரான அவருடைய சொந்தத் தேவாலயத்திலும் இல்லை. வுப்பர்டால் நகரத்தின் ஓரத்தில், ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அம்மன் கோயிலில் மட்டும். இரண்டு வருடமாகத் தேர்ப் படங்கள் கரிக்கட்டையாக வந்தன. அதிலும் தீபாராதனை, தேர் அசையும் நேரம் என்று முக்கியமான படங்கள்தான்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அம்மா வீட்டுக்குத் திரும்பிய கிழமை எங்கும் இதே கதை. "வேதக்காரன் எடுக்கிறது அம்மனுக்கு விருப்பமில்லைப்போல" என்று அம்மாவே கறியைக் கிளறிக்கொண்டு சொன்னார்.

அங்கிள் தொண்ணூற்றொன்றில் ஊரிலிருந்து அகதியாக இங்கே வந்தவர். மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லாமல் ஒரு அகதி விடுதியில் ஒன்பது வருடம் இருந்தார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய கமராவால், அங்கிருந்தவர்களை யாரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துக் கொடுப்பார். அவர்கள் அதை ஊருக்கு அனுப்புவார்கள். படமெடுப்பது அப்படித் தொடங்கியது. இப்போது பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை.

"அங்க எனக்கு ஒரு நம்பர். திருவிழாப் பத்து நாளும்தான் பிள்ளை, நாலு பேர் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறது" என்றார்.

அந்தப் பத்து நாளும் கைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது. இந்த வருடமும் தேர் இருண்டால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று கோயில் தலைவர் கணேசலிங்கம் சொல்லிவிட்டார்.

அங்கிள் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கமராவை என்னிடம் காட்டினார். அதன் வலது தோளில் ஒரு சிறிய சில்லு, விரலால் திருகும் சக்கரம். திருப்பினால் படத்தின் வெளிச்சம் கூடும், குறையும். பூச்சியத்தில் நிற்கவேண்டிய அது, கோயிலில் தானாகவே மைனஸ் மூன்றுக்குப் போய்விடுகிறது. வெயிலில் திரை தெரியாததால் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். பற்றறி மாற்றினார். அமைப்புகளை எல்லாம் பழையபடி ஆக்கினார். திருத்தும் இடத்துக்கு இரண்டு தரம் அனுப்பினார். பிழை ஒன்றும் இல்லை என்ற கடிதத்தோடு இரண்டு தரமும் திரும்பி வந்தது.

"வேற கமரா வாங்குங்கோவன், அங்கிள்."

"வாங்கி, அதுவும் இருண்டால்? பிறகு பிழை கமராவில இல்லை, என்னில எண்டாகிடும்."

கொடியேற்றத்தன்று நான் அம்மனைப் பார்க்கவில்லை, கமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் மேற்சட்டை கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டுவது வழக்கம். அங்கிள் மற்றவர்களைவிடக் கவனமாகக் கட்டியிருந்தார். வயிற்றுக்கு நேரே, இரட்டை முடிச்சு. அம்மன் சந்நிதித் திரை விலகியது. மணி அடித்தது. "அரோகரா!" என்று எல்லாக் கைகளும் தலைக்குமேல் போயின. அங்கிளும் கமராவை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். கழுத்தில் தொங்கிய கமரா வயிற்றில் விழுந்து, அந்த முடிச்சில் இரண்டு தரம் உரசியது. அவர் மறுபடி தூக்கியபோது எட்டிப் பார்த்தேன். மைனஸ் மூன்று.

அவரைச் செருப்பு வைக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். முடிச்சைத் தடவிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கும்பிடாமல் நிண்டு எடுங்கோவன். வீடியோ எடுக்கிற நிஷாந்தன் கையெடுக்கேல்லையே."

"அவனுக்கென்ன, அவன் சைவம். அவன் கையெடுக்காட்டி, வேலையா நிக்கிறான் எண்டுவினம். நான் எடுக்காட்டி என்ன சொல்லுவினம்?"

"அப்ப தலைவரிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ."

"சால்வையாலதான் எண்டோ? யோசப் இப்ப சால்வையிலயும் குறை பிடிக்கிறான் எண்டு வரும். ஏலாது, பிள்ளை. நீயும் வாய் திறக்காதை."

சில்லைப் பூச்சியத்துக்குத் திருப்பி, பையிலிருந்து கறுப்பு ஒட்டு ரேப்பை எடுத்து, அதன்மேல் இறுக்கி ஒட்டினார். அவ்வளவுதான் வைத்தியம்.

தேரன்று காலை கணேசலிங்கம் அர்ச்சனைத் தட்டோடு வந்தார்.

"யோசப், கமராவை ஒருக்காத் தாரும். அதுக்கும் ஒரு அர்ச்சனை செய்வம்."

"அண்ணை, அது இப்ப..."

"தாருமன்!"

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"கமராவுக்கு ஏது ஐயா நட்சத்திரம்?" என்றார் தலைவர்.

"அப்ப யோசப்பின்ரயைச் சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

அங்கிள் நிலத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் நட்சத்திரம் குறித்து வைத்ததில்லை.

"என்ர உத்தரட்டாதியைப் போடுங்கோ ஐயா, காணும்" என்றார் தலைவர். ஐயர் வைத்த குங்குமம் சரியாக அந்தக் கறுப்பு ரேப்பின்மேல் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்தில் மடிக்கணினியைத் திறந்தோம். தேர், வடம், வியர்த்த முதுகுகள், அம்மனின் மூக்குத்திவரை எல்லாம் பளிச்சென்று இருந்தன. தலைவர் படங்களைப் பார்த்தார், அங்கிளைக் கட்டிப்பிடித்தார், ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"பாத்தியளோ! ரெண்டு வருசமா வராத படம், ஒரு அர்ச்சனையோட வந்திட்டுது! இனி ஒவ்வொரு வருசமும் தேரண்டு முதல் அர்ச்சனை யோசப்பின்ர கமராவுக்குத்தான்!"

திருவிழா வேலை கைவிட்டுப் போகவில்லை. அங்கிள் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் தலையை மெல்ல, இல்லை என்று ஆட்டினார்.

"அரோகரா!" என்று மண்டபம் கத்தியது. எல்லாக் கைகளும் மேலே போயின. அங்கிளும் கமராவை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அது போய் முடிச்சில் மோதியது. சில்லு அசையவில்லை.