வெள்ளிக்கிழமைப் பிணம்

இன்று காலை ஸ்காபரோ பஸ்ஸில் வதனி அக்காவைக் கண்டேன். "எப்படி இருக்கிறியள்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் போனை நீட்டினார்.

விக்டோரியா மகாராணி காலத்துக் கொலைகளைத் துப்பறியும் அந்தத் தொலைக்காட்சித் தொடர். பல வருடங்களாக ஒரு கிழமையும் விடாமல் நான் பார்ப்பது. அதில் குதிரை வண்டிக்குப் பக்கத்தில், நீளப் பாவாடையோடு செத்துக் கிடப்பது வதனி அக்கா!

"பாரும், துப்பறியிறவர் குனிஞ்சு என்ரை கையைப் பிடிச்சுப் பாக்கிறார். உந்த நாடகத்தை நான் ஒருநாளும் பாத்ததில்லை, என்ன?"

எனக்கு வயிறு எரிந்தது. அங்கே கிடந்திருக்க வேண்டியவள் நான்.

துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி முதலில் என்னைத்தான் கூப்பிட்டது. படப்பிடிப்பு வெள்ளிக்கிழமை என்றார்கள். விரத நாளில் எப்படிப் பிணமாகக் கிடப்பது? "சனிக்கிழமை சாகலாமா?" என்று கேட்டேன். முடியாதாம். வதனி அக்காவின் நம்பரைக் கொடுத்ததும் நானேதான்.

"வெள்ளிக்கிழமை எண்டு நீங்கள் யோசிக்கேல்லையோ அக்கா?"

"அதுக்கென்ன? செத்தவீட்டால வந்தாச் செய்யிற மாதிரி, தலையில தண்ணி ஊத்தித் தோய்ஞ்சுபோட்டு விளக்கு வைச்சனான்."

அவ்வளவுதானா! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

உங்களில் யாருக்காவது அந்த ஏஜென்சியில் ஆள் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். இனி எந்த நாளும் சாகத் தயார். தைப்பொங்கலன்றும் சாவேன். ஷாம்பு நானே கொண்டு வருவேன்.