வெடியுப்பு பார்த்தவர்

எனக்கு வயசு எண்பதாகுது. மூணு புள்ளைங்களை ஒண்டியா வளர்த்து ஆளாக்கினவ நான்.

பர்மா சண்டை முடிஞ்ச வருஷம், செஞ்சியில எங்க பக்கத்து அறைக்கு ஒரு காலேஜ்காரர் குடி வந்தார். ஒல்லி ஆளு, விளக்குப் புகையில சிவந்த கண்ணு. கோட்டை வெடிமருந்துக் கிடங்குச் சுவத்துல பூத்த வெடியுப்பைக் காய்ச்சிப் படிகமாக்கி, விளக்குச் சூட்டுல வச்சு, கண்ணாடி வச்ச பித்தளைக் குழாய் வழியா நாள் பூரா பார்ப்பார். விளக்கை ஊதி அணைக்க மாட்டார். திரியைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்குவார்.

“மண்ணெண்ணெய் கெடைக்காத காலத்துல இது இன்னா சார் கூத்து?”ன்னு கேட்டேன்.

“சட்டுனு ஆறினா உப்பு விரிசல் உட்டுடும்மா. வந்து பாருங்க.”

உப்புக்குள்ள வெளிச்சம் ரெண்டாப் பிரிஞ்சு போவுதாம். அதனால குழாய்ல கலர் கலரா தெரிஞ்சுது. சூடு ஏறினதும் ஒரு நொடியில அத்தனை கலரும் மாறிப்போச்சு. “உப்பு அதேதான். உள்ளடுக்கு மாறிடுச்சு”ன்னார். மெதுவா ஆறினதும் பழைய கலர் வந்துது.

எங்க வீட்டுக்காரர் சண்டையிலேர்ந்து, போனப்ப இருந்த அதே முகத்தோட திரும்பி வந்து, சுவத்தைப் பார்த்தே குந்திக் கிடந்தார். பெத்த புள்ளைங்களைக்கூடத் தெரியல.

“இவரும் பழையபடி ஆவாரா சார்?”

அவர் குழாயிலேர்ந்து கண்ணை எடுக்கல. “உப்பு ஆவும்மா. மனுஷனை நான் பார்த்ததில்ல.”

அன்னிலேர்ந்து எங்க வீட்ல யாரையும் குரல் உசத்த விடல. திரி இறக்கற மாதிரியே அவரைப் பார்த்துக்கிட்டேன். அடுத்த மழைக்கு, யாரையும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். பாடைக்கு முதல்ல தோள் கொடுத்தவர் அந்த உப்புக்காரர்தான்.

பொய்யா ஒரு ஆறுதல் சொல்ல அவருக்கு ஏன் மனசு வரலன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு. குரலை உசத்தாம படி.